எத்தனை நாள் ஆயிற்று? ஆங்கிலத்தில் சொல்வது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நேர்முகத் தேர்வில் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்றேன். திருத்தினார்கள். பிழை எங்கே?

பதில்: இரண்டு இடங்களில். 'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை, முன்பு தொடங்கி இன்றும் நீள்கிற செயல் என்பதால், ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்கிறது. அடுத்து, 'ஆண்டுகளாக' என்பது கால அளவு. அதற்கு 'ஃபார்' வர வேண்டும். '2021இலிருந்து' என்று தொடக்கத்தைச் சொன்னால்தான் 'சின்ஸ்'. தமிழ் வாக்கியத்தின் 'ஆக', 'இலிருந்து' ஆகிய இரண்டையும் கவனித்தாலே பெரும்பாலும் குழப்பம் தீரும்.

கேள்வி: 'அப்பா இறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன' என்று ஒரு கடிதத்தில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: 'இட் ஹேஸ் பீன் டென் இயர்ஸ் சின்ஸ் மை ஃபாதர் பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள். 'ஹேஸ் பீன்' இருக்குமிடத்தில் 'இஸ்' என்று எழுதினாலும் சரியே. நம் வாக்கியத்தில் ஆண்டுகளே எழுவாய். ஆங்கிலத்தில் அந்த இடத்தை, தனிப்பொருள் ஏதுமில்லாத 'இட்' நிரப்புகிறது. நான் மிகுதியாகத் திருத்தும் பிழை 'சின்ஸ்' என்பதற்குப் பிறகுதான் வருகிறது: இறப்பு ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிந்தது என்பதால், அங்கே 'ஹேஸ் பாஸ்ட் அவே' என்று எழுதாமல், எளிய இறந்தகாலமான 'பாஸ்ட் அவே' என்பதையே எழுத வேண்டும். அதே காரணத்தால் 'ஹேஸ் டைட் ஃபார் டென் இயர்ஸ்' என்பதும் பிழை. ஒரு கணம் பத்தாண்டுகள் நீளாது.

கேள்வி: 'தோழியைப் பார்த்து ஆறு மாதமாகிறது' என்பதற்கும் இதே அமைப்புதானா?

பதில்: ஆம், 'இட் ஹேஸ் பீன் சிக்ஸ் மன்த்ஸ் சின்ஸ் ஐ சா ஹெர்'. 'ஆறு மாதமாகப் பார்க்கவில்லை' என்று எதிர்மறையில் சொன்னால் 'ஐ ஹேவன்ட் சீன் ஹெர் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ்'. பேச்சில் இரண்டுமே இயல்பானவை.

கேள்வி: 'பிஃபோர் டூ டேஸ் ஐ கேம்' என்பது ஏன் தவறு?

பதில்: 'முன்பு' என்பதை நேரே பெயர்ப்பதால் வரும் பிழை இது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'ஐ கேம் டூ டேஸ் அகோ'. 'அகோ' என்ற சொல்லே 'கழிந்த' என்னும் பொருளுடைய பழைய வினைவடிவத்திலிருந்து வந்தது; ஆகவே அது எண்ணுக்குப் பின்னால் நிற்கிறது, 'ஹேவ்' சேராத எளிய இறந்தகாலத்தையே ஏற்கிறது. இன்றிலிருந்து அல்லாமல் கடந்தகாலப் புள்ளி ஒன்றிலிருந்து எண்ணினால் 'அகோ' பொருந்தாது: 1947இல் கிடைத்த விடுதலையைப் பேசிக்கொண்டே 1942இன் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தைக் குறிப்பிடும்போது 'ஃபைவ் இயர்ஸ் எர்லியர்' என்றுதான் எழுத வேண்டும்.