சபையை விட்டு வந்தபின், அங்கே பேசிய அந்நிய பாஷையை எப்படிப் புரிந்துகொள்வது?

பெந்தெகொஸ்தே சபையை விட்டு வந்துவிட்டீர்கள். அப்படியென்றால் ஜெபத்தில் அந்நிய பாஷை (பரிசுத்த ஆவியால் தானாக வருவதாகச் சொல்லப்படும், பொருள் புரியாத பேச்சு) வந்ததும் அழுததும் பொய்யா என்று கேட்கிறீர்கள். பொய்யே இல்லை. நடந்தது வேறு, அதற்குச் சபை கொடுத்த விளக்கம் வேறு.

2006இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபெர்க்கின் குழு, அந்நிய பாஷை பேசும் 5 பெண்களின் மூளையைப் படமெடுத்தது. பக்திப் பாடல் பாடும்போது இருந்ததைவிட, பாஷை பேசும்போது மூளையின் முன்பகுதியில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. 'நானாகப் பேசவில்லை' என்று அவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. பேசவைப்பது யார் என்பதைப் படம் காட்டாது.

சரி, போதனை வேறான கத்தோலிக்கரின் கரிஸ்மாட்டிக் கூட்டங்களிலும் (ஆவியின் வரங்களை நாடும் ஜெபக் கூட்டங்கள்) இதே அனுபவம் வருகிறதே! ஆகவே அது உங்கள் பழைய போதகர் சொன்னதற்கெல்லாம் சாட்சியாகாது. அதற்கு இன்றே பெயர் வைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் 'பரிசுத்த ஆவியானவரைத் துக்கப்படுத்திவிட்டேன்' என்ற பயம் தூக்கத்தைக் கெடுத்தால், தயங்காமல் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.