சிறு பட்டறைக்கு எடை குறைந்த, மலிவான பெஞ்ச் வைஸை (மேசையில் பொருத்தி, பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) நாமே வடிவமைக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அந்த வைஸ் மேல் சுத்தியல் விழுமா, விழாதா? அராவுவது, அறுப்பது, டேப் போடுவது (ஓட்டைக்குள் புரி வெட்டுவது), இவ்வளவுதான் என்றால் நாலு அங்குல வைஸை ஆறரை கிலோவில் முடித்துவிடலாம். இரும்பை வைத்து அடித்து வளைக்கிற வேலை என்றால் வைஸின் எடைதான் அடியை வாங்கிக்கொள்கிறது, அதற்குப் பழைய வார்ப்பிரும்பு வைஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவதே லாபம்.

எனக்குக் கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை. வீடு வீடாகப் போய் மோட்டார், பைப் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் டூவீலரில் கொண்டுபோகிற மாதிரி ஒன்று கேட்டான், அப்படித்தான் இதில் இறங்கினேன்.

எடை குறைய வேண்டும் என்றதும் எல்லோரும் அலுமினியம் என்பார்கள். அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், அதைச் சரிக்கட்டக் கனம் கூட்டினால் விலை எகிறிவிடும். வார்ப்பிரும்போ அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவைக்குச் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும், அதனால்தான் கடை வைஸ் அவ்வளவு தடிமனாக இருக்கிறது. நகரும் தாடையைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் தண்டுக்கு நான் எடுத்தது 40 மி.மீ. சதுர எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண எஃகு) டியூப், சுவர் கனம் 4 மி.மீ. அதே அளவு கெட்டிக் கம்பியோடு ஒப்பிட்டால் எடை 36 சதவீதம், விறைப்பு 59 சதவீதம். 4 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும்) ஸ்க்ரூவை, நடுவிலிருந்து 150 மி.மீ. தள்ளிக் கைப்பிடியைப் பிடித்து 15 கிலோ விசையில் திருகினால், உராய்வில் எண்பது சதவீதம் போனாலும் தாடையில் 700 கிலோ கிடைக்கும். அந்த டியூப் வளையத் தொடங்குவதற்கு இதைப்போல் மூன்று மடங்கு சுமை வேண்டும்.

நட்டுக்கு இடம் விட டியூபில் நீளக் காடி (திறப்பு) மட்டும் வெட்டாதீர்கள், பெட்டி வடிவத்தின் பலமே அதோடு போச்சு. ஸ்க்ரூ ஓடும் நட்டை, டியூப் நுழைந்து ஓடும் வெளிக்கூட்டின் பின்தகட்டில் மாட்டிவிட்டால் காடியே தேவைப்படாது.

வெளிக்கூட்டுக்கு 45×5 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) இரண்டு, எதிரெதிராக டியூபை அணைத்த மாதிரி. இங்கேதான் நான் சொதப்பினேன். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கூடு சுருங்கி டியூபைக் கவ்விக்கொண்டது, அடித்தும் வரவில்லை, கடைசியில் கிரைண்டரில் அறுத்துத்தான் எடுத்தோம். அடுத்த தடவை பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி நாலு பக்கமும் இடையில் சொருகி, இந்தப் பக்கம் ஒரு அங்குலம், ஆறவிட்டு அந்தப் பக்கம் ஒரு அங்குலம் என்று அடித்தேன். தகரத்தை உருவியதும் டியூப் கையாலேயே ஓடியது.

அந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. முழுக்கத் திறந்த நிலையில் டியூப் 100 மி.மீ.தான் கூட்டுக்குள் இருக்கும், 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தால் 80 மி.மீ. உயரத்தில் தாடை கால் மி.மீ. சாயும், பொருள் மேலே நழுவும். அதனால் தாடைகளின் மேல்விளிம்பு முதலில் தொடுகிற மாதிரி லேசாகச் சாய்த்து அராவிவிடுங்கள். தாடைத் தகடு பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டியது, ஓட்டை போடுவதற்கு முன் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட வேண்டும், இல்லையென்றால் ட்ரில் பிட்தான் போகும்.

காசைச் சேமிக்கக் கூடாத இடம் ஸ்க்ரூவும் நட்டும். ஸ்க்ரூ ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு), 20 மி.மீ., ட்ரெப்பசாய்டல் புரி (சரிவக வடிவப் பல்), நட் கன்மெட்டல் (வெண்கல வகை). எஃகு நட் போட்டால் கிரீஸ் காய்ந்ததும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

கைப்பிடிக்குச் சாதாரண எம்.எஸ். கம்பி, 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பைப்பைச் சொருகி இழுக்கிற ஆள் எல்லாப் பட்டறையிலும் ஒருவராவது இருப்பார், அவர் இழுக்கும்போது கம்பிதான் முதலில் வளைய வேண்டும், ஸ்க்ரூ அல்ல. தம்பி இதுவரை இரண்டு கம்பியை வளைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.