பெயர் இல்லாமல் வந்த புயல்கள்

கேள்வி: தாத்தா காலத்தில் எப்போதோ ஒரு புயல்தான் வருமாம். இப்போதோ தானே, வர்தா, கஜா என்று வரிசை கட்டி வருகின்றனவே, ஏன்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வரிசை கட்டுபவை பெயர்கள்தாம். வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையவை அடித்த ஊரின் பெயராலும் தேதியாலும் மட்டுமே அறியப்பட்டதால், அனுபவித்தவர்கள் மறைந்ததும் பொதுநினைவிலிருந்து நழுவிவிட்டன. 1746 செப்டம்பரில் மதராஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பற்படையை அடுத்த மாதமே ஒரு புயல் சின்னாபின்னமாக்கியது. ஆண்டுக்கணக்கில் கல் அடுக்கிக் கட்டிய மதராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பரில் இன்னொன்று உடைத்தெறிந்தது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு நடந்ததையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது கைகாட்டியில் விளக்கு எரியவில்லை என்றும், சற்று நேரம் காத்திருந்த ஓட்டுநர் நீளமாக ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்வார்கள். எழும்பி வந்த கடல் வண்டியையும் அதில் இருந்த அனைவரையும் கொண்டுபோயிற்று. ஊரே அழிந்து, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது.

1977 நவம்பர் 12இல் உங்கள் நாகை அருகிலேயே கடும் புயல் கரையேறியது. ஒரே வாரத்தில் ஆந்திரத்தின் திவிசீமையில் மற்றொன்று பாய்ந்து பத்தாயிரம் பேர் அளவில் பலிகொண்டது. காற்றைவிடக் கடல்நீரே அதிகம் கொன்றது. வங்கக் கடலின் ஆழம் குறைந்த கரையோரத்தில் புயல் தள்ளிவரும் நீர் பரவ இடமின்றி மேலெழும்பி ஊருக்குள் புகுந்துவிடுகிறது.

மாற்றமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. வங்கக் கடல் புயல்களின் எண்ணிக்கை கூடியதாகப் பதிவுகள் காட்டவில்லை. ஆனால் கடல் சூடேறுவதால், உருவாகும் புயல்களில் கடுமையானவற்றின் பங்கும் அவை கொட்டும் மழையும் கூடும் என்பதே அறிவியலாளர்களின் எச்சரிக்கை. நீங்கள் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான், பெயர்ப் பட்டியலைப் பற்றியல்ல. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டை மட்டும் நம்பியிருந்த கரைக்கு இன்று செயற்கைக்கோளும் ராடாரும் நாள்கணக்கில் முன்னதாகச் சொல்லிவிடுகின்றன. 2018இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறுமுன் பல்லாயிரம் பேரை முகாம்களுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது அதனால்தான். தென்னையை எந்த முகாமுக்கும் அழைத்துச் செல்ல முடியாதே. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன.

உங்கள் தாத்தா நாகையிலேயே வாழ்ந்தவர் என்றால், 1952 நவம்பர் 30ஆம் தேதி எங்கே ஒதுங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். அந்தப் புயலுக்கும் பெயர் கிடையாது.