ஏஇ2 ஏன் மேலே வந்தது?

கடிதம்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் துருக்கிக் கடலுக்குள் நுழைந்த ஆஸ்திரேலிய நீர்மூழ்கிக் கப்பல் ஏஇ2 பற்றி எழுதும்போது, 1915 ஏப்ரல் 30 அன்று அது ‘கட்டுப்பாடு இழந்து மேலே வந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியை மூழ்கியபடி கடந்த அதன் கேப்டன் ஸ்டோக்கரால், அதற்கு அப்பால் உள்ள அகன்ற மர்மரா கடலில் ஆழத்தைப் பிடித்து நிற்க முடியாதது ஏன்? மாலுமிகளின் பிழையா?

ஒரு வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரி போதாதுதான். முதலில் ஒரு திருத்தம்: ஜலசந்தியிலும் ஏஇ2 சுகமாகப் போகவில்லை. ஏப்ரல் 25 காலையில் இரண்டு முறை துருக்கியக் கோட்டைகளுக்குக் கீழே தரைதட்டி, உடல் வெளியே தெரிய நின்றது.

மர்மராவில் நடந்ததை மாலுமிகளின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பெரும்பாலும் நீரின் அடர்த்திதான் காரணம். அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கடல்கள் கிடக்கின்றன. மேலே கருங்கடலிலிருந்து வரும் நீர். ஆயிரத்துக்கு 22 முதல் 25 பங்கு உப்பு. சுமார் 25 மீட்டருக்குக் கீழே மத்தியதரைக் கடலின் நீர், 38 பங்கு. அடர்த்தியில் வித்தியாசம் ஏறக்குறைய 1 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் ஏஇ2 போன்ற ஈ வகை நீர்மூழ்கி மூழ்கும்போது விலக்கும் நீர் சுமார் 800 டன். மேல்நீருக்கு எடை சரிசெய்த கப்பல் முழுதாகக் கீழ்நீரில் இறங்கினால் 8 டன் மிதப்பு கூடிவிடும். 55 மீட்டர் நீளக் கப்பலின் முன்பாதி ஒரு நீரிலும் பின்பாதி வேறு நீரிலும் இருந்தால் ஒரு முனை தூக்கும், மறு முனை தாழும்.

அன்று முதலில் மூக்கு தூக்கியது. கப்பலை ஏற்றி இறக்கும் பக்கத் தகடுகளான ஹைட்ரோபிளேன்களை முழுதாகக் கீழ்நோக்கித் திருப்பியும் பயனில்லை. அந்தத் தகடுகளின் பிடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் பாதியானால் விசை கால்பங்குதான். முழுவேகத்தில் ஓடலாமே என்றால், 10 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. எனவே முன்பக்கத் தொட்டியில் நீர் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் மூக்கு ஒரேயடியாகக் கவிழ்ந்து, ஆழமானியில் குறித்திருந்த 100 அடியையும் தாண்டிச் சரிந்தது. சாய்வு கூடக்கூட உள்ளே தேங்கிய நீர் முழுக்க முன்னால் ஓடும். சாய்வு இன்னும் கூடும். மோட்டார்களைப் பின்னோக்கி ஓட்டி, கப்பலை மூழ்கடிக்க நீர் நிரப்பும் பலாஸ்ட் தொட்டிகளை அழுத்தக் காற்றால் காலி செய்தார்கள். அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் மேலேறும்போது வெளி அழுத்தம் குறைய, தொட்டிக் காற்று விரிந்து மிச்ச நீரையும் தள்ளும். கப்பல் நிற்காது, வால் முதலில் வெளியே வந்தது.

மேலே சுல்தான்ஹிசார் என்ற துருக்கிய டார்பிடோ படகு காத்திருந்தது. அதன் குண்டுகள் எஞ்சின் அறையைத் துளைத்தன. துளைபட்ட கப்பலால் இனி மூழ்க முடியாது. ஸ்டோக்கர் ஆட்களை வெளியேற்றிக் கப்பலைத் தானே மூழ்கடித்தார். 32 பேரும் உயிரோடு பிடிபட்டார்கள். நால்வர் சிறையில் இறந்தார்கள். 1998-ல் துருக்கியர் செல்சுக் கோலாய் கடலடியில் அதைக் கண்டுபிடித்தபோது சுமார் 72 மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்தே கிடந்தது.

பின்னர் மர்மராவில் இயங்கிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் இதே அடர்நீர் அடுக்கின்மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு அசையாமல் கிடக்கப் பழகிக்கொண்டன. முதலில் போன ஏஇ2-வுக்கு அதைக் கற்க ஐந்து நாள்தான் கிடைத்தது.

அன்புடன்