காணாமல் போன வால்யூம் குரூப்பும் சீரியல் எண் இல்லாத பில்லும்

கே: கரண்ட் போய் வந்த பிறகு எங்கள் அச்சகத்து லினக்ஸ் சர்வரில் வால்யூம் குரூப்பே (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்த சேமிப்பிடம்) இல்லை. மூன்று டிஸ்க்கும் போய்விட்டது, புதிதாக மாட்ட 42,000 ரூபாய் என்கிறார் சர்வீஸ்காரர். வாங்கிவிடட்டுமா? (மஞ்சக்குப்பம்)

ப: பணத்தை எடுக்காதீர்கள். மூன்று டிஸ்க் ஒரே நாளில் சாவது அபூர்வம். மூன்றுக்கும் பொதுவான பவர் கேபிளோ கன்ட்ரோலர் கார்டோ போவதுதான் சகஜம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் சீரியல் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால் குரூப்பை நடத்தும் மென்பொருளான எல்விஎம்மைக் குடைந்து பயனில்லை. சர்வரை அணைத்து, கனெக்டர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரக் காற்று அந்த வேலையைச் செய்யும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாக நடத்தும் அட்டை) இருந்தால் அதன் மெனுவில் டிஸ்க்குகள் 'ஃபாரின்' (வேறு கார்டில் அமைத்தவை) என்று நிற்கலாம். இம்போர்ட் கொடுங்கள், 'கிளியர்' பக்கம் கை போகக் கூடாது.

ஒரு டிஸ்க் மட்டும் குறைந்தால் குரூப் பெயர் வரும். குரூப்பின் டிஸ்க்குகளைக் காட்டும் 'பிவிஎஸ்' பட்டியலில் அந்த டிஸ்க்கின் இடத்தில் 'அன்நோன்' என்றிருக்கும். டிஸ்க் எல்லாம் இருந்தும் பெயரே வரவில்லையா? எல்விஎம்.கான்ஃப் கோப்பில், எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஃபில்டர் வரியைப் பாருங்கள். ரெட்ஹேட் 9 வகை லினக்ஸ் என்றால் சிஸ்டம்.டிவைசஸ் கோப்பையும். அதில் பதிவாகாத டிஸ்க்கை எல்விஎம் ஏறெடுத்தும் பார்க்காது. கார்டு மாற்றினால் இப்படி ஆவதுண்டு. 'விஜிஇம்போர்ட்டிவைசஸ்' போட்டுச் சேர்த்து, 'விஜிசேஞ்ச்' கொடுத்து எழுப்புங்கள்.

சர்வீஸ்காரர் 'விஜிரெட்யூஸ்' என்று ஆரம்பித்தால் கீபோர்டைப் பிடுங்கிவிடுங்கள். காணாத டிஸ்க்கைக் குரூப்பிலிருந்தே நீக்கும் கட்டளை அது.

கே: குரூப் வேலை செய்யவில்லை என்று வீடியோ பார்த்து, டிஸ்க்கை எல்விஎம்முக்குப் புதிதாகத் தயார் செய்யும் 'பிவிகிரியேட்' போட்டேன். மறுத்தது, கட்டாயப்படுத்தும் இரட்டை எஃப் சேர்த்து ஓட்டினேன். இப்போது எல்லாம் காலி. டிஸ்க் விற்ற கடையிடம் நஷ்டஈடு கேட்கலாமா? (நெல்லிக்குப்பம்)

ப: கடைக்காரர் என்ன பாவம் செய்தார்? வேண்டாம் என்று மெஷினே சொல்லியிருக்கிறது. அழிந்தது டிஸ்க்கின் தலைப்பகுதி விவரம்தான். ஃபார்மட் செய்யும் 'எம்கேஎஃப்எஸ்' போடாதவரை டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடக்கும். முதலில் 'டிடிரெஸ்க்யூ'வால் வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அசலைக் கழற்றி வையுங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் எல்விஎம் குழம்பும். பழைய விவரம் இடிசி அடியில் எல்விஎம் ஆர்க்கைவ் கோப்புறையில் இருக்கும். அதிலுள்ள பழைய யூயூஐடியோடும் (டிஸ்க்கின் அடையாள எண்), ரெஸ்டோர்ஃபைலாக அந்தக் கோப்போடும் நகலில் 'பிவிகிரியேட்', அடுத்து குரூப் விவரத்தை மீட்கும் 'விஜிசிஎஃப்ஜிரெஸ்டோர்'. மவுண்ட் செய்வது ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்).

கே: புதுசு என்று விற்ற 4 டிபி டிஸ்க்கில் டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை, ஓடிய நேரம் 26,000 மணி என்று காட்டுகிறது. கையில் எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான். (புதுச்சேரி, நேரு வீதி அருகில்)

ப: ஏறக்குறைய மூன்று வருடம் ராப்பகலாக ஓடிய சரக்கு. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் மேல் தப்பில்லை.

ஆனால் இந்த எஸ்டிமேட் சீட்டு இருக்கிறதே, அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'எச்டிடி 4 டிபி - 1' என்று பேனாவில் கிறுக்கி, கீழே ஒரு தொகை. எந்த டிஸ்க்? நானும் இப்படி இரண்டு வாங்கி, 'இது எங்க சரக்கே இல்லை சார்' என்று கேட்டுக்கொண்டு வந்தவன்தான். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதாத கடையில் பணம் கொடுக்காதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் தயாரிப்பாளர் தளத்தில் வாரண்டி பார்க்க முடியும். குரூப்பில் காணாமல் போனது எந்த டிஸ்க் என்று பெட்டியைத் திறந்து கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். ஓடிய மணியை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. சீகேட் என்றால் 'ஃபார்ம்' பதிவையும் (டிஸ்க் தனியாக வைத்திருக்கும் கணக்கு) ஸ்மார்ட்சிடிஎல் 7.4-இல் கேளுங்கள், அது காட்டிக்கொடுக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்மார்ட் அறிக்கை, டிஸ்க் லேபிள் படம், யுபிஐ ரசீது மூன்றையும் வைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு 2 வருடம்.

கே: மீன் ஏற்றுமதி கம்பெனிக்கு வாங்கிய சர்வர். ஆணையம் ஏற்குமா? (கடலூர் முதுநகர்)

ப: வணிகத்துக்கு வாங்கியது என்று தள்ளிவிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கே: ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு) இருக்கிறது. பேக்கப்புக்கு வேறு தனி டிஸ்க் வாங்க வேண்டுமா? (லாஸ்பேட்டை)

ப: வேண்டும். நெல்லிக்குப்பத்துக்காரர் போட்ட கட்டளை உங்களிடம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் விழுந்திருக்கும்.