கல்யாணத்துக்கு முன்பே கட்டியை எடுத்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 26. வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் வலது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. டாக்டர் மருந்தே எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புற்றுநோயாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. மருந்து எழுதாமல் அனுப்பிய டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

மாதாமாதம் சினைப்பையில் ஒரு சின்ன நீர்ப்பை வளர்ந்து, சுமார் 2 செ.மீ. ஆனதும் வெடித்துக் கருமுட்டையை வெளியே விடும். சில மாதம் அது வெடிக்காமலே பெரிதாகிவிடும். இல்லாவிட்டால், வெடித்த இடம் மூடிக்கொண்டு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இந்த வயதில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாக வற்றிவிடும். மாத்திரை போட்டாலும் சீக்கிரம் கரைந்துவிடாது.

ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'சிம்பிள் சிஸ்ட்' என்று போட்டிருந்தால் உள்ளே வெறும் நீர்தான். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு அது 5 செ.மீ.க்குள் இருந்தால் புற்றுநோய் பயம் வேண்டாம். 'டெர்மாய்டு', 'சாக்லேட் சிஸ்ட்' (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) என்றிருந்தால் தானாகப் போகாது. டாக்டரிடம் விவரமாகப் பேச வேண்டும். டெர்மாய்டுக்குள் முடி, கொழுப்பு, சமயத்தில் பல்கூட இருக்கும். கேள்விப்பட்டால் செய்வினை என்று கிளப்பிவிட ஆள் இருக்கிறார்கள்! அதுவும் அநேகமாகப் புற்று இல்லாத கட்டிதான்.

யாராவது சொன்னார்கள் என்று, சினைப்பைப் புற்றுநோய் சந்தேகத்துக்கு எடுக்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனைக்கும் ஓடாதீர்கள். மாதவிலக்கு நாட்களில்கூட அது கூடுதலாகக் காட்டும், வீண் கலவரம். உங்கள் வயதில், மாதவிலக்கு நின்றபிறகு ஒரு கட்டி தெரிந்தால் கதை வேறு. அப்போது அந்தப் பரிசோதனை தேவைப்படும்.

ஆபரேஷனில் கட்டியோடு ஒட்டியிருக்கும் நல்ல திசுவும் கொஞ்சம் போகும். கல்யாணத்தை நினைத்துச் செய்யப்போய், இருக்கிற கருமுட்டைகளைக் குறைத்துக்கொள்வானேன்? மூன்று மாதம் கழித்தும் வற்றாமல் வளர்ந்துகொண்டே போனால் அப்போது லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பற்றிப் பேசலாம். சினைப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அடுத்த ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த கையோடு எடுப்பது நல்லது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம். திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, மயக்கம் என்றால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கட்டி உடைந்திருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துக் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.