வைத்தாங்கி ஒப்பந்தம்: கேள்வி பதில்

கே: 1840-இல் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் மாவோரித் தலைவர்கள், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடித் தலைவர்கள், நியூசிலாந்தை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அப்படித்தானே?

ப: எந்தப் பிரதியில்? ஆங்கிலத்தில் கொடுத்தார்கள், மாவோரியில் கொடுக்கவில்லை. பிப்ரவரி 4 இரவு ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஆங்கில வரைவை மாவோரியில் மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் இறையாண்மை என்று இருந்த இடத்தில் 'காவனதங்கா' என்று போட்டார்கள். 'கவர்னர்' மாவோரி நாக்கில் புரண்டு வந்த சொல் அது. நம் வாயில் 'கவர்னர்தனம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரிவிலேயே நிலம், ஊர், உடைமை எல்லாவற்றிலும் முழுத் தலைமை அந்தந்தத் தலைவருக்கே என்றும் எழுதிவிட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் சுமார் 540 பேர். அதில் ஆங்கிலத் தாளில் இட்டவர்கள் 39 பேர்தான்.

கே: வேறு சொல் கிடைக்காமல் இருந்திருக்கலாமே?

ப: கிடைத்திருக்கும். 1835-இல் வடக்குத் தலைவர்கள் செய்த சுதந்திரப் பிரகடனத்தின் மாவோரி வடிவத்திலும் இதே வில்லியம்ஸின் கை உண்டு. நாட்டின் மேலான அதிகாரத்துக்கு அங்கே 'மனா' வந்தது. மனாவைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

கே (அதே நண்பர்): அப்போ பாதிரியார் மோசடிக்காரர், தலைவர்கள் ஏமாளிகள் என்கிறீர்களா?

ப: இரண்டையும் நான் சொல்லவில்லை. வில்லியம்ஸின் நெஞ்சுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. தலைவர்களோ 5-ஆம் தேதி பந்தலில் கூடி விவாதித்தார்கள், பலர் எதிர்த்தே பேசினார்கள். மறுநாள், கையெழுத்து தொடங்கும் நேரத்தில், அச்சுக்காரர் கோலென்சோ எழுந்து, "இவர்களுக்கு இது புரிந்ததா?" என்று பிரிட்டனின் துணை கவர்னர் ஹாப்சனிடமே கேட்டார். ஹாப்சன் நிறுத்தவில்லை. முதலில் கையெழுத்திட்டவர் ஹோனே ஹேகே. பிறகு கொரோராரேகா என்ற ஊரில் பிரிட்டிஷ் கொடிக்கம்பம் நான்கு தடவை வெட்டிச் சாய்க்கப்பட்டதும் அவர் தரப்பால்தான். ஏமாளி செய்கிற வேலையா இது?

கே: நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த மணியைக் கண்டெடுத்த கோலென்சோவா? அப்படியானால் தமிழர்கள் முன்பே அங்கே போய்...

ப: அவரேதான். முகையதீன் வக்குசுவின் கப்பல் மணி என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மணி போனால் ஆளும் போனதாக ஆகாது. மற்றதைக் கடல் வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: போர்வைக்கு நாட்டை விற்றதாகப் படித்தேன்.

ப: முதல் பதிலைப் படியுங்கள். போர்வை, கையெழுத்திட்டவருக்குக் கொடுத்த அன்பளிப்பு. நிலத்தை விற்பது வேறு, ஆட்சியைக் கொடுப்பது வேறு. இதைக் குழப்பாதீர்கள்.

கே: கொலை நடந்தால் யார் சட்டம் செல்லும்?

ப: இப்படிக் கேளுங்கள்! 1841 கடைசியில் மகேத்து என்ற இளைஞன் ஒரு தீவில் ஐந்து பேரைக் கொன்றான். அதில் ஒரு குழந்தை, ரேவா என்ற மாவோரித் தலைவரின் பேத்தி. வழக்கப்படி பழிவாங்கல் மூண்டிருக்கும். அவனுடைய தந்தை ருஹேயே அவனை ஒப்படைத்தார். 1842 மார்ச்சில் ஆக்லாந்தில் தூக்கிலிட்டார்கள். தீர்ப்பு ஆங்கிலச் சட்டத்தின்படி, ஆளைக் கொடுத்தது மாவோரிகளின் முடிவு.

கே: தென் தீவு?

ப: கையெழுத்துத் தாள் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோதே, 1840 மே 21 அன்று, நாடு முழுவதும் பிரிட்டனுடையது என்று ஹாப்சன் பிரகடனம் செய்துவிட்டார். வட தீவு ஒப்பந்தத்தால் வந்ததாம், தென் தீவு கேப்டன் குக் 'கண்டுபிடித்ததால்' வந்ததாம். ஆள் வாழ்ந்த தீவு ஐயா!

கே: சரி, கடைசியாக, கொடுத்தார்களா இல்லையா?

ப: 1877-இல் ஒரு தலைமை நீதிபதி, ஒப்பந்தமே செல்லாது என்றார். 2014-இல், ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம், வடக்குத் தலைவர்கள் 1840-இல் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்றது. அரசு அதை ஏற்கவில்லை.